நூறடிச் சாலை கற்பிக்கும் பாடம்

(உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவியருக்கான சமூக அறிவியல் கட்டுரை)

முன்னுரை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நதி என்றும் பொருள் உண்டு. வழி என்றும் பொருள் உண்டு. பரிசில் பெற்று வந்த ஒருவன், பெறாத ஒருவனுக்கு வழிகாட்டி அனுப்புவதைப் பாடும் நூல்களை ஆற்றுப்படை என்று நம் முன்னோர் அழைத்தனர். அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் கூறுவது. அவ்வழியில் வரும் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கலே. ஆகவே சாலையைப் பற்றி எண்ணுவது நம் வட்டாரத்தாருக்குப் புதியது அன்று.

நதிக்கும் சாலைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நதி தன் நீளவாக்கில் ஊர்களை இணைக்கிறது. குறுக்குவாக்கில் இருகரைகளையும் பிரிக்கிறது. சாலையும் அவ்வாறே. நெடுந்தொலைவு செல்வோருக்கு அது பாலம். இரு பக்கங்களில் குடியிருப்போருக்கோ அது ஒரு வெள்ளம். இந்த உண்மையைத் தெளிவாக விளக்கும் சாலை ஒன்று சென்னையில் உள்ளது. அதுதான் அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர் ஆகிய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் ஊடே செல்லும் நூறடிச் சாலை. அதனை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

சாலையின் இருப்பிடம்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சென்னைக்குச் செல்லும் பெருவழி ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையாகும். செங்கற்பட்டு, தாம்பரம் ஆகியவற்றைக் கடந்து, புனித தோமையார் மலை எனப்படும் பரங்கிமலைக்கு அருகில் கத்திப்பாரா என்னும் சந்திப்பை அது அடைகிறது. அங்கிருந்து கிண்டி வழியாக நகருக்குள் செல்லும் வழி ஒன்று. வடக்கே திரும்பிச் செல்லும் வழி மற்றொன்று. இந்த இரண்டாவது வழியே நாம் காணப்போகும் சாலை. இதற்கு ஜவாஹர்லால் நேரு சாலை, உள்வட்டச் சாலை என்னும் பெயர்களும் உண்டு. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்த பெயர் நூறடிச் சாலை என்பதே. நூறு அடி என்பது ஏறத்தாழ 30 மீட்டர்.

கத்திப்பாராவை விட்டு ஈக்காட்டுத்தாங்கலில் அடையாற்றைக் கடந்து, அசோக் நகர் வழியாக வடபழனிக்கு வந்து, அங்கே ஆர்க்காடு சாலையைக் குறுக்கே வெட்டி, அரும்பாக்கம், கோயம்பேடு, திருமங்கலம் என்று வடக்கு நோக்கிச் செல்கிறது இச்சாலை. அசோக் நகர்ப் பகுதியில், நான்கு சிங்கங்களைத் தாங்கிய அசோகத் தூண் இதன் அடையாளம். தூணுக்குக் கிழக்கே அசோக் நகரின் பெரும்பகுதி உள்ளது. மேற்கே அந்நகரின் சில தெருக்களும், அவற்றையடுத்துக் கலைஞர் கருணாநிதி நகரும் உள்ளன.

குடியிருப்புகள் தோன்றிய வகை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னையில் மக்கட்பெருக்கம் மிகுந்து, வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு அப்போது சில குடியிருப்புகளை அமைத்தது. சி.ஐ.டி. நகர் என்னும் பெயரில் அதன் நினைவு இன்றும் வாழ்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வசதி வாரியம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் நகரின் மேற்கே வயலும் தோப்புமாய்க் கிடந்த இடங்களை வாரியம் வாங்கி, மனைகளாகவும் வீடுகளாகவும் வகுத்தது. 1960-களில் அசோக் நகரும், அதனை அடுத்துக் கலைஞர் கருணாநிதி நகரும் இவ்வாறு உருவாயின. 1968-ஆம் ஆண்டு உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி அண்ணா நகரும் வளர்ந்தது.

வாரியத்தின் வீடுகள் வருவாய்க்கு ஏற்பப் பிரிக்கப்பட்டன: குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு. இதனால் எழுத்தரும் அதிகாரியும், தொழிலாளியும் ஆசிரியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நிலை ஏற்பட்டது. மாதச் சம்பளத்தில் தவணை கட்டிச் சொந்த வீடு பெற்ற குடும்பங்கள் எத்தனையோ! பொதுப் பணத்தில் எழுந்த குடியிருப்புகளின் சிறப்பு இதுவே.

கலைஞர் கருணாநிதி நகரின் சாலைப் பெயர்களும் நமக்கு வரலாறு கற்பிப்பவை. பி.டி. இராஜன் சாலை, 1936-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகச் சில மாதங்கள் பணியாற்றியவரை நினைவூட்டுகிறது. ஆர்.கே. சண்முகம் சாலை, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பரில் அளித்த நிதியமைச்சர் சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கியுள்ளது.

அறிஞர் பெரி வகுத்த இலக்கணம்

புதிய குடியிருப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. 1929-இல் கிளாரன்ஸ் பெரி என்னும் அமெரிக்க அறிஞர், நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக அதை எழுதினார். ‘அண்டைக் குடியிருப்பு அலகு’ என்று அதனைத் தமிழில் கூறலாம். அதன் கருத்துகள் எளியவை. ஒரு தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்து, அப்பள்ளிக்குத் தேவையான அளவு குழந்தைகள் உள்ள வீடுகளைச் சுற்றி அமைக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் பள்ளி ஏறத்தாழக் கால் மைல், அதாவது 400 மீட்டர் நடைக்குள் இருக்க வேண்டும். கடைகள் ஓரங்களில் அமைய வேண்டும். விளையாடும் இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருஞ்சாலை குடியிருப்பின் எல்லையாகச் சுற்றிச் செல்ல வேண்டுமேயன்றி அதனை ஊடறுத்துச் செல்லக் கூடாது.

காரணம் என்ன? பள்ளிக்குச் செல்லும் குழந்தை பெருஞ்சாலையைக் கடக்க நேரக் கூடாது என்பதே. உலகின் பல நாடுகளில் நகரமைப்போர் இக்கருத்தைப் பின்பற்றினர்.

நூறடிச் சாலையையும் முதலில் இரண்டு நகர்களுக்கு நடுவே ஓர் எல்லையாகக் கொள்ளலாம். ஆனால் வாழ்க்கை எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு மறுபக்கத்தில் பள்ளி. மறுபக்கத்தில் இருப்பவருக்கு இப்பக்கத்தில் கோயிலோ கடையோ உறவினர் வீடோ. தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனையாகிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை மேற்குப் பகுதியில் இருக்கிறது. கிழக்கே குடியிருக்கும் நோயாளி சாலையைக் கடந்தே அங்குச் செல்ல வேண்டும். இரண்டு நகர்களும் வளர வளர, எல்லையாயிருந்த சாலை நடுவீதியாயிற்று.

ஒரு சாலை, இரண்டு வேலைகள்

1975-இல் அரசின் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் முதல் பெருந்திட்டம், நகர நெரிசலைக் குறைக்க வட்டச் சாலைகளையும், கூட்டம் மிகுந்த தொழில்களைப் புறத்தே கொண்டுசெல்வதையும் வற்புறுத்தியது. அதன் பின் நடந்தவற்றை வரிசையாகக் காண்போம்.

1996-இல் ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நடந்துவந்த காய்கனி மொத்த வணிகம் கோயம்பேட்டுக்கு வந்தது. 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்துகளுக்கான பெரிய நிலையம் கோயம்பேட்டில் திறக்கப்பட்டது. அதுவரை அண்ணா சாலை வழியாகப் பிராட்வேக்குச் சென்ற தென்மாவட்டப் பேருந்துகள் இனி கத்திப்பாராவில் திரும்பி நூறடிச் சாலையில் ஓடத் தொடங்கின. விழுப்புரம், திண்டிவனம் பேருந்துகளும் அவற்றுள் அடங்கும். 2008-இல் கத்திப்பாராவில் பெரும் மேம்பாலம் எழுந்தது. 2015 சூன் 29-ஆம் நாள், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை சென்னையின் முதல் மெட்ரோ இரயில் இதே சாலையின் மேலே தூண்களில் ஓடத் தொடங்கியது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, 2024 தொடக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிட்டன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இருபத்தொரு ஆண்டுகள், நம் ஊரிலிருந்து சென்னை சென்ற நாமே அந்தக் குடியிருப்புவாசிகளின் வாசலில் ஓடிய வெள்ளத்தின் ஒரு பகுதியாக இருந்தோம். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து, ‘எப்போது சிக்னல் விழும்?’ என்று நாம் சலித்துக்கொண்டபோது, கீழே நின்ற ஒரு மூதாட்டி, ‘எப்போது கடப்பது?’ என்று காத்திருந்திருப்பார். இருவர் தேவையும் நேர்மையானவையே. நெடுந்தொலைவு செல்பவருக்கு வேகம் வேண்டும்; குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஒரே சாலையை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால், வலியவர் வேலை முதலில் நடக்கும். எளியவர் வேலை காத்திருக்கும். மோட்டார் வலியது, கால் எளியது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

‘கொஞ்சம் பார்த்துக் கடந்தால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். கணக்கு வேறு விடை கூறுகிறது.

நடைபாதைகளை நீக்கி, வண்டிகள் ஓடும் பகுதி 24 மீட்டர் அகலம் என்று கொள்வோம். நலமுள்ள ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நடப்பார். எனவே அவர் கடக்க 20 நொடிகள் வேண்டும். முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 30 நொடிகள் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். 20 நொடிகளில் அது 280 மீட்டர் வந்துவிடும். 30 நொடிகளில் 420 மீட்டர். இவ்வளவு தொலைவில் உள்ள வண்டியின் வேகத்தை ஒரு குழந்தையோ, கண் மங்கிய முதியவரோ சரியாகக் கணிக்க முடியுமா?

இப்போது சாலையின் நடுவே நின்று இளைப்பாற ஓர் அகலமான நடுத்திட்டு இருப்பதாகக் கொள்ளுங்கள். கடக்க வேண்டியது ஒரு வேளைக்கு 12 மீட்டரே. நேரம் 10 நொடி. கவனிக்க வேண்டிய திசையும் ஒன்றே. ஒரு சிறு திட்டு அபாயத்தை இவ்வளவு குறைக்கிறது!

வேகத்தின் கணக்கையும் அறிய வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி முற்றிலும் நிற்கும் வரை ஓடும் தொலைவுக்கு நிறுத்தத் தொலைவு என்று பெயர். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுகளின்படி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 30 மீட்டர். 50 கிலோமீட்டருக்கு 60 மீட்டர். 80 கிலோமீட்டருக்கு 120 மீட்டர். வேகம் 30-லிருந்து 80 ஆகும்போது, அதாவது மூன்று மடங்குகூட ஆவதற்கு முன்பே, தொலைவு நான்கு மடங்காகிறது. இதனால்தான் சென்னை மாநகரில் 2023 நவம்பரில் வேக வரம்புகள் வகுக்கப்பட்டபோது, குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று விதிக்கப்பட்டது.

இன்னொரு கணக்கு நம்மைப் போன்ற பெண்களுக்கு உரியது. பேருந்தில் செல்பவர் காலையில் சாலையின் ஒரு பக்கத்தில் ஏறினால், மாலையில் மறுபக்கத்தில் இறங்குவார். ஆகவே நாள்தோறும் ஒருமுறையேனும் அவர் சாலையைக் கடந்தே தீர வேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். கட்டணத்தை நீக்கியது ஒரு நன்மை. பேருந்து நிறுத்தத்துக்குப் பாதுகாப்பாகச் சென்று சேரும் வழியும், இருட்டிய பின் அங்கு வெளிச்சமும் இருந்தால்தான் அந்த நன்மை முழுமை பெறும்.

நட்பைக் குறைக்கும் போக்குவரத்து

போக்குவரத்து உயிரை மட்டும்தான் தொடுகிறதா? உறவையும் தொடுகிறது. டொனால்டு ஆப்பிள்யார்டு என்னும் பேராசிரியர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், ஒரே மாதிரி வீடுகள் கொண்ட மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளும், மற்றொன்றில் 8,000 வண்டிகளும், மூன்றாவதில் 16,000 வண்டிகளும் ஓடின. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தனர். வண்டி மிகுந்த தெருவிலோ ஒருவர்கூட முழுமையாக இல்லை, சராசரி 0.9. குறைந்த தெருவில் மக்கள் வாசலில் அமர்ந்து பேசினர். குழந்தைகள் தெருவில் விளையாடினர். மிகுந்த தெருவிலோ சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறைகளில் வாழ்ந்தனர். 1981-இல் இந்த ஆய்வுகளை அவர் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி அவர் இறந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

திண்ணையும் வாசல் கோலமும் நம் தெரு வாழ்வின் அடையாளங்கள் அல்லவா? வீட்டைக் கட்டித் தருவது வாரியத்தால் ஆகும். ஆனால் அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் அண்டையாராக வைத்திருப்பது தெருவின் வேலை. தெரு கெட்டால் குடியிருப்பு வெறும் கட்டடமாகிவிடும்.

நம் ஊர்ச் சாலைகள்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். திண்டிவனம் ஒரு பெரும் சாலைச் சந்திப்பு. சென்னை, புதுச்சேரி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, மரக்காணம், விழுப்புரம் ஆகிய திசைகளிலிருந்து வழிகள் அங்கே கூடுகின்றன. விழுப்புரமோ இரயில் சந்திப்பாகவும், திருச்சி, புதுச்சேரி, திருக்கோவிலூர், திருவண்ணாமலைச் சாலைகள் கூடும் இடமாகவும் விளங்குகிறது. இவ்விரண்டு ஊர்களுக்கும் புறவழிச்சாலைகள் அமைக்கப்பட்டு, நெடுந்தூர வண்டிகள் ஊருக்குள் வராமல் செல்கின்றன. பெரி கூறிய இலக்கணத்தின்படி இது நல்ல ஏற்பாடே.

ஆனால் நூறடிச் சாலையின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. நேற்றைய எல்லை இன்றைய நடுவீதியாகும். புறவழிச்சாலை வந்தவுடன் அதன் ஓரத்தில் மனைப்பிரிவுகள் எழுகின்றன, கடைகள் வருகின்றன, பள்ளிகளும் வருகின்றன. அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து இப்பாலுள்ள பள்ளிக்குச் சைக்கிளில் வரும் மாணவி அச்சாலையைத்தான் கடக்க வேண்டும். அங்கு வண்டிகளின் வேகம் நகரச் சாலையைக் காட்டிலும் அதிகம். ஆகவே வீடுகள் வந்த பின் சுரங்கப்பாதை கேட்பதைவிட, மனை பிரிக்கும்போதே பள்ளியும் கடையும் சாலைக்கு எப்பக்கம் அமைய வேண்டும் என்று எண்ணுவதே அறிவுடைமை. கடப்பதற்கு இடம், நடப்பதற்கு நடைபாதை, நிற்பதற்கு நிழல், இரவில் விளக்கு ஆகிய நான்கும் வீட்டு மனைக்கு நிகரான தேவைகள்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் அணைந்த விளக்கு.

எரிகோவுக்குச் செல்லும் வழி

நம் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியர் உவமையும் ஒரு சாலையில்தான் நிகழ்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவர் கள்வரால் தாக்கப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தார். குருவும் லேவியரும் மறுபக்கமாக விலகிச் சென்றனர். அந்நியராகிய சமாரியரோ அருகில் வந்து, காயங்களைக் கட்டி, தம் விலங்கின்மேல் ஏற்றி, சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாலைக்கு எப்போதும் ஒரு மறுபக்கம் உண்டு என்பதையும், அன்பு அதைக் கடந்து வரும் என்பதையும் இவ்வுவமை காட்டுகிறது.

இன்று விபத்தைக் கண்டும் பலர் விலகிச் செல்வதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற அச்சமே. அந்த அச்சம் இனித் தேவையில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும், பெயரைக் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் பாதுகாப்பளிக்கின்றன. அச்சட்டம் அவரை அழைக்கும் ஆங்கிலப் பெயர் ‘நல்ல சமாரியர்’ என்பதே! விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் தமிழக அரசின் திட்டமும், நம் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. 108 என்னும் எண்ணை நினைவில் கொள்ளுங்கள். எங்கு நிற்கிறோம் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். காயமுற்றவரைத் தாறுமாறாகத் தூக்காமல், உதவி வரும்வரை அருகில் இருங்கள்.

முடிவுரை

ஒரு சாலை நல்லதா என்று எவ்வாறு அறிவது? அதில் எத்தனை வண்டிகள், எத்தனை வேகத்தில் ஓடுகின்றன என்று எண்ணுவது ஒரு முறை. ஒரு சிறுமியும் ஒரு பாட்டியும் கைகோத்து அச்சமின்றி அதைக் கடக்க முடிகிறதா என்று பார்ப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையை நாம் கற்றுக்கொள்வோம். நாளை நீங்கள் பொறியாளராகலாம், ஊராட்சித் தலைவியாகலாம், வீடு வாங்கும் இல்லத்தலைவியாகலாம், ஸ்கூட்டர் ஓட்டுபவராகலாம். எந்நிலையிலும் சாலையின் மறுபக்கத்தில் நிற்பவரை மறவாதிருப்பீர்களாக!

செய்முறைப் பயிற்சி

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை வரைபடம் ஒன்று வரைக. நீங்கள் கடக்கும் ஒவ்வொரு சாலையையும், நடைபாதை உள்ள, இல்லாத இடங்களையும் குறிக்க.

2. பெற்றோர் ஒருவருடன் பாதுகாப்பான இடத்தில் நின்று, கால் மணி நேரத்தில் சாலையைக் கடப்போர் எத்தனை பேர் என்று கணக்கிடுக. அவர்களுள் குழந்தைகள், முதியோர் எத்தனை பேர் என்று பிரித்து எழுதுக.

3. ஓடுபாதையின் அகலம் 18 மீட்டர், நடையின் வேகம் நொடிக்கு 0.9 மீட்டர் எனில், கடக்க ஆகும் நேரம் என்ன? அந்நேரத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி எவ்வளவு தொலைவு வரும்? (விடை: 20 நொடி, 200 மீட்டர்)

4. உங்கள் தெருப்பெயர் எவ்வாறு வந்தது என்று மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

5. கடப்பதற்கு அபாயமான இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்குத் தேவையான வசதியைக் குறிப்பிட்டு நகராட்சி ஆணையருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ ஒரு விண்ணப்பம் வரைக. நன்றாக அமைந்தவற்றை வகுப்பாசிரியை வழியாக அனுப்பலாம்.